இரண்டு நாள் கூட்டுக்குடும்பம்: தாத்தா பாட்டி வீட்டு வார இறுதி வருகை

வெள்ளி இரவிலோ சனி காலையிலோ பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்திறங்குவதும், ஞாயிறு மாலை கிளம்பிப் போவதும் இன்றைய தமிழ்க் குடும்பங்களில் நிலைத்துவிட்ட வழக்கம். இடைப்பட்ட நாற்பது மணி நேரத்தில் வீட்டின் எல்லாக் கணக்கும் மாறிவிடும். இருவருக்கு அரைத்த மாவு எட்டுப் பேருக்கு அரைக்கப்படும். பரணில் கிடந்த பாயும் தலையணையும் கீழே வரும். அக்கம்பக்கத்தாரும் பழைய நண்பர்களும் ‘பேரன் வந்திருக்கானாமே’ என்று எட்டிப் பார்ப்பார்கள். கூட்டுக்குடும்பம் வாரத்துக்கு ஒருமுறை, அல்லது மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள் மட்டும் கூடிக் கலைகிறது. இந்த வழக்கம் எப்படி உருவானது, அதில் முதியவரின் இடம் என்ன, உடலுக்கும் மனத்துக்கும் அது என்ன செய்கிறது என்பவற்றை மக்கள்தொகைக் கணக்கு, மானிடவியல், முதுமையியல் ஆகிய மூன்று துறைகளின் முடிவுகளைக் கொண்டு விளக்கலாம்.

உறவைச் சொல்லும் சொற்கள்

‘பேரன்’ என்ற சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. ‘பெயர்த்தி’ பேத்தி ஆனாள். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைக்கும் பழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. அதனால் ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு அடுத்த தலைமுறையில் மீண்டும் வந்தது. பேரன் வந்து நிற்கும்போது தாத்தாவுக்குத் தம் பெயரே நடந்து வருகிறது.

தாத்தா, பாட்டி என்ற பொதுச் சொற்களுக்கு அடியில் வட்டார வழக்குகள் பல உண்டு. தந்தையைப் பெற்றவளுக்கும் தாயைப் பெற்றவளுக்கும் வெவ்வேறு பெயர் வைத்த வட்டாரங்கள் தமிழகத்தில் அதிகம். மதுரை, ராமநாதபுரம் பக்கம் தந்தையின் தாய் அப்பத்தா; தஞ்சை, திருச்சிப் பக்கம் தாயின் தாய் அம்மாச்சி; நெல்லையில் ஆச்சி. கொங்கு நாட்டில் தாயின் தந்தை அப்புச்சி. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா, அப்பம்மா, அம்மப்பா, அப்பப்பா என்று சொல்லிலேயே வழி தெரிந்துவிடும். இந்தப் பாகுபாட்டுக்குக் காரணம் உண்டு. மணமான பெண் கணவன் வீட்டுக்குப் போய் வாழும் அமைப்பில், தந்தை வழித் தாத்தா பாட்டி குழந்தையோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். தாய் வழியினரோ போய்ப் பார்க்க வேண்டியவர்கள். கண்டிப்பு அப்பத்தாவிடமும் செல்லம் அம்மாச்சியிடமும் இருந்ததாகச் சொல்லப்படுவதில் இந்த இடவேறுபாட்டுக்கும் பங்குண்டு. தினமும் பார்ப்பவருக்குக் கண்டிக்கும் கடமை வந்து சேர்கிறது. எப்போதோ பார்ப்பவருக்கு அது இல்லை.

‘விருந்து’ என்ற சொல்லும் இங்கே கவனிக்கத் தக்கது. பழந்தமிழில் அதற்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியம் புதிய வகை நூலமைப்பையே விருந்து என்ற பெயரால் குறிக்கிறது. புதிதாக வந்தவர் என்ற பொருளில்தான் அச்சொல் வெளியாளுக்கு ஆகிவந்தது. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம், இல்லறத்தான் பேண வேண்டியவர்களில் விருந்தைத் தனியாகவும் ஒக்கல் எனப்படும் சுற்றத்தைத் தனியாகவும் வைத்து எண்ணுகிறது. இன்றைய வார இறுதி வருகை இந்த இரண்டையும் கலந்துவிட்டது. ஒக்கலாக வீட்டிலேயே இருந்த மகனும் பேரனும் இப்போது விருந்தாக வருகிறார்கள். இந்த வழக்கத்தின் இனிமைக்கும் சங்கடத்துக்கும் அந்தக் கலப்பே வேர்.

வீடு பிரிந்த விதம்

தாத்தாவைப் பார்த்து வளர்வதே முன்பு எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்த்ததில்லை. இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டு. குழந்தைச் சாவுகளே இந்த எண்ணைப் பெரிதும் இறக்கின என்றாலும், பேரனின் கல்யாணம் வரை இருந்தவர்கள் அன்று குறைவு. இன்று தமிழ்நாட்டின் சராசரி ஆயுள் 70ஐத் தாண்டிவிட்டது. மறுபக்கம் பிறப்பு குறைந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை 1971இல் 3.9, 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8. முன்பு ஒரு தாத்தாவைச் சுற்றிப் பத்துப் பேரப்பிள்ளைகள் இருந்தனர். இப்போது ஒரே பேத்தியை இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகளுமாக நால்வர் எதிர்பார்த்திருக்கின்றனர். குடும்ப மரம் கிளைகள் குறைந்து உயரமாக வளர்ந்திருக்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 8.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள், தமிழ்நாட்டில் 10.4 விழுக்காட்டினர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் நகர்ப்புற மக்கள் 48.4 விழுக்காடு. படிப்பும் வேலையும் பிள்ளைகளைச் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் இழுத்தன. வீடும் நிலமும் பழகிய தெருவும் பெற்றோரை ஊரிலேயே நிறுத்தின. அதே 2011இல் ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் துணையுடன் ஏழு மாநிலங்களில் முதியோர் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அவற்றுள் தனியாக வாழும் முதியோரின் விகிதம் மிகுதியாக இருந்தது தமிழ்நாட்டில்தான். ஏறத்தாழ நான்கில் ஒருவர் தனியாக வாழ்ந்தார். பிள்ளைகள் கைவிட்டதன் கணக்கு என்று மட்டும் இதைப் படிப்பது தவறு. ஓய்வூதியமோ சொந்த வீடோ உள்ள பலர், நடமாட்டம் இருக்கும்வரை தம் வீட்டில் தாமே சமைத்துச் சாப்பிடுவதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘அங்க வந்து நாங்க என்ன பண்ண, நீங்க வந்து போங்க’ என்பது அவர்களின் வாதம்.

பண்டிகையிலிருந்து வாரத்துக்கு

உறவைப் போய்ப் பார்ப்பதற்குத் தமிழ் மரபில் எப்போதும் ஒரு கணக்கு இருந்தது. அது விளைச்சலையும் கோயிலையும் ஒட்டி ஓடியது. தலை தீபாவளிக்கு மருமகன் மாமனார் வீட்டுக்கு வருவார். ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். வளைகாப்பு முடிந்து மகள் தாய்வீடு வருவாள். முதல் பேரப்பிள்ளை பெரும்பாலும் அங்கேயே பிறக்கும். கோயில் கொடைக்கு வெளியூர்ப் பங்காளிகள் திரும்புவார்கள். பொங்கலை ஒட்டிய காணும் பொங்கல், பெயருக்கேற்ப, பெரியவர்களையும் சுற்றத்தையும் கண்டு வருவதற்கென்றே ஒதுக்கப்பட்ட நாள். சிறியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவதும், பெரியவர்கள் கையில் காசு வைப்பதும் அன்றைய நடைமுறை.

ஏழு நாளுக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வு என்பது இதிலிருந்து வேறானது. அது ஆலையும் அலுவலகமும் கொண்டுவந்த ஒழுங்கு. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போன்றவர்கள் வைத்த கோரிக்கைகளில் வார விடுமுறையும் ஒன்று. 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் அது இடம்பெற்றது. பின்னாளில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஐந்து நாள் வேலை வாரம் சனிக்கிழமையையும் விடுமுறையாக்கியது. வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் விடுமுறை என்பது 2015 செப்டம்பர் முதல் நடப்புக்கு வந்தது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்த பிறகே, முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாத்தா வீடு மாதாந்தரப் பயணத்துக்குள் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலும் எழும்பூர் ரயில் நிலையத்திலும் கூடும் கூட்டத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்கைச் சேர்ந்தது. பிள்ளைகள் உள்ளூரிலேயே வேறு வீட்டில் இருந்தால், வருகை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்ற வடிவத்தை எடுக்கிறது.

ஒரு வருகையின் உள்ளமைப்பு

வருகை சனிக்கிழமை தொடங்குவதில்லை. புதன், வியாழனிலேயே தொலைபேசியில் ‘வர்றீங்களா’ என்ற கேள்வி போய்விடும். கறிக்கடைக்கோ மீன்காரிக்கோ சொல்லி வைப்பது, முறுக்கு சுற்றுவது, பேத்திக்குப் பிடித்த கொய்யாவை அணில் கொத்தாமல் துணி கட்டி வைப்பது என்று நாள்கள் நகரும். தனியாக வாழும் முதியவருக்கு எல்லா நாளும் ஒன்றுபோல் இருக்கும். எதிர்பார்ப்பு அந்த நாள்களுக்கு ஒரு வரிசையைத் தருகிறது. இரண்டு நாள் வருகையின் பயன் ஐந்து நாளுக்குப் பரவுவது இப்படித்தான்.

வந்த பிறகு வீடு மூன்று இடங்களாகப் பிரியும். சமையலறை பாட்டியின் ஆட்சி; மகளும் மருமகளும் அங்கே வாரத்தின் கதைகளைப் பரிமாறுவார்கள். திண்ணையோ கூடமோ தாத்தாவின் இடம்; அவருடைய பழைய சகாக்களும் பக்கத்து வீட்டாரும் அங்கே வந்து உட்கார்ந்து, மகனிடம் ஊர்ச் செய்தி சொல்வார்கள். மூன்றாவது இடம் குழந்தைகளுடையது. வாசல், மாடி, தோட்டம் என்று அது நகர்ந்துகொண்டே இருக்கும். தெருப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். தாயக்கட்டம், பரமபதம், சொட்டாங்கல், பதினான்கு குழிப் பல்லாங்குழி ஆகியவை பெரியவரும் சிறியவரும் சமமாக உட்காரக்கூடிய ஆட்டங்கள். வலுவோ ஓட்டமோ தேவையில்லை. பழக்கமும் கணக்கும் போதும். பல்லாங்குழியில் எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்பதைப் பாட்டி பார்வையாலேயே சொல்லிவிடுவார். கைப்பேசியில் பேரனிடம் பாடம் கேட்பவர், இங்கே அவனுக்குப் பாடம் சொல்பவராகிறார்.

விடைபெறுதலுக்கும் ஒழுங்கு உண்டு. யாரும் ‘போகிறோம்’ என்று சொல்வதில்லை. ‘போயிட்டு வர்றோம்’ என்பதே வழக்கு. இட்லிப் பொடி, வடகம், நாரத்தங்காய் ஊறுகாய், மரத்திலிருந்து பறித்த முருங்கைக்காய் என்று பை நிறையும். சாமி அறையில் திருநீறு பூசி, பேரனின் சட்டைப் பையில் ரூபாய் நோட்டைத் திணிப்பது கடைசிக் காட்சி. பிள்ளைகளிடமிருந்து பணம் வாங்கும் நிலையில் உள்ள முதியவர்கூட இந்தப் பையையும் நோட்டையும் விடமாட்டார். கொடுப்பவராகவே வழியனுப்ப வேண்டும் என்பது அவருடைய மானம் சார்ந்த விஷயம்.

பாட்டியால் என்ன பயன்?

இந்தக் கேள்வியை உயிரியல் நேரடியாகவே கேட்டது. பெரும்பாலான விலங்குகளில் பெண் இனப்பெருக்க வயது முடிந்து நெடுங்காலம் வாழ்வதில்லை. மனிதப் பெண் ஏன் அதன்பின் பல பத்தாண்டுகள் வாழ்கிறாள்? தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1990களில் இதற்கு ஒரு விடை கண்டார்கள். தாய் கைக்குழந்தையோடு இருக்கும்போது, பெரிய பிள்ளைகளின் உணவு பாட்டி தோண்டிவரும் கிழங்கைச் சார்ந்திருந்தது. ‘பாட்டிக் கருதுகோள்’ என்று அறியப்படும் இந்த விளக்கத்தின்படி, பாட்டியின் உழைப்பால் பேரப்பிள்ளைகள் பிழைத்தார்கள். அதனால் நீண்ட ஆயுளும் மனித இனத்தில் நிலைத்தது. 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 18, 19ஆம் நூற்றாண்டுகளின் பின்லாந்து, கனடா நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்தது. ஐம்பது வயதுக்குப் பின் பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் சராசரியாக இரண்டு பேரப்பிள்ளைகள் அவளுக்குக் கூடுதலாகக் கிடைத்தார்கள் என்பது அதன் முடிவு. ஊறுகாய் பாட்டிலைப் பையில் வைக்கும் கை மிகப் பழைய கை.

மானிடவியல் வேறொன்றைக் கண்டது. அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு இடையே அதிகாரமும் கட்டுப்பாடும் இருக்க, ஒன்று விட்ட தலைமுறைகளுக்கு இடையே கேலியும் உரிமையும் நிலவுவதைப் பல சமூகங்களில் ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுன் கவனித்தார். கேலி உறவு பற்றிய அவருடைய கட்டுரை 1940இல் வெளிவந்தது. தமிழ் வீடுகளில் அப்பாவிடம் வாய் திறக்காத பிள்ளை தாத்தாவின் வழுக்கையைத் தட்டிப் பார்ப்பது இதன் எடுத்துக்காட்டு.

எல்லாத் தாத்தாக்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். அமெரிக்காவில் 70 தம்பதியரை ஆராய்ந்த பெர்னிஸ் நியூகார்ட்டன், கரோல் வைன்ஸ்டீன் இருவரும் 1964இல் ஐந்து வகைகளைப் பிரித்துக் காட்டினர்: முறைப்படி நடந்துகொள்பவர், விளையாட்டுத் தோழர், பெற்றோருக்குப் பதிலாக வளர்ப்பவர், குடும்ப அறிவின் களஞ்சியம், எட்ட நிற்பவர். பேரனைப் பார்ப்பது வார இறுதியில் மட்டும் என்றானபோது, வளர்ப்பவர் என்ற பொறுப்பு சுருங்கி, விளையாட்டுத் தோழர் என்ற பாத்திரம் பெருகுகிறது. களஞ்சியத்துக்கு யாராவது வந்து கேட்டால்தான் வேலை.

மருந்தாகும் அளவு

மனிதத் தொடர்புக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவை ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் 148 ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தனர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய அந்தத் தொகுப்பில், வலுவான சமூக உறவு உடையவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. உலக சுகாதார அமைப்பு 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. பெர்லினில் முதியோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பேரப்பிள்ளைகளை அவ்வப்போது பார்த்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உடல் தெம்பு உள்ளவரே பேரனைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியும். ஆகவே உறவு ஆரோக்கியத்தைத் தந்ததா, ஆரோக்கியம் உறவைக் காத்ததா என்பதை இத்தகைய ஆய்வுகளால் முழுதாகப் பிரிக்க முடியாது.

அளவு பற்றிய சான்றும் உண்டு. மெல்போர்னில் 186 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், வாரத்தில் ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அறிவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தனர். ஐந்து நாளும் அதற்கு மேலும் பார்த்துக்கொண்டவர்களில் சிலவகைத் திறன்கள் குறைந்து காணப்பட்டன. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்ற பழமொழி விருந்தாளியை விரட்டச் சொல்லப்படுவது வழக்கம். விருந்தை மருந்தோடு சேர்த்து எண்ணியதில் அளவு பற்றிய அறிவும் அடங்கியிருக்கிறது.

மனத்துக்கும் மனிதத் தொடர்பு தேவை. முதியவர் பழைய கதையையே திரும்பத் திரும்பச் சொல்வதை மறதியின் அடையாளமாக மருத்துவ உலகம் ஒரு காலத்தில் கருதியது. தம் வாழ்வை ஒருமுறை தொகுத்துப் பார்க்க முதுமையில் எழும் இயல்பான தேவை அது என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் விளக்கினார். அந்தத் தொகுப்புக்குக் கேட்பவர் வேண்டும். மகன் நூறு முறை கேட்ட கதையைப் பேத்தி முதல் முறையாகக் கேட்கிறாள். வயது கூடக் கூட மனிதர் புதிய அறிமுகங்களைக் குறைத்து, மனத்துக்கு நெருங்கிய சிலரோடு நேரத்தைச் செலவிட விரும்புகிறார் என்பது லாரா கார்ஸ்டென்சனின் ஆய்வு முடிவு. திண்ணைக்கு வரும் இரண்டு நண்பர்களின் மதிப்பு அதனால் விளங்கும். பேரப்பிள்ளைகள் போன பிறகும் திங்கட்கிழமை அங்கே வந்து உட்காரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

கலகலப்பின் விலை

கூட்டம் எல்லா நேரமும் இன்பமாக இருப்பதில்லை. அறுபதைக் கடந்தவர்களில் கால்பங்கினருக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்திருப்பதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. அப்படிப்பட்டவருக்குப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் கூடம் வெறும் இரைச்சல். காதுக் கருவி பேச்சோடு தொலைக்காட்சியையும் மிக்சியையும் சேர்த்தே பெருக்கித் தரும். கலகலப்பின் நடுவில் சிரித்தபடி எதையும் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் தனிமை, ஆளில்லாத வீட்டின் தனிமையைவிடக் கடினமானது. தரையில் சிதறிய பொம்மைகள் தடுக்கி விழ வைக்கும். மாத்திரை நேரம் தவறும். பலகாரத்தில் சர்க்கரை ஏறும். குழந்தைகளின் சளி, காய்ச்சல் முதியவரைக் கடுமையாகத் தாக்கும்.

பெரிய விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் பாட்டிதான். ஓய்வுக்கு வந்த பிள்ளைகளுக்கு எழுபது வயதில் மூன்று வேளையும் சமைத்துப் போட்டு, திங்கட்கிழமை முழங்கால் வலியோடு படுப்பவர் அவர். ‘அம்மா கையால் சாப்பிட வேண்டும்’ என்ற பாசச் சொல் அடுப்படியில் வேலையாக மாறுகிறது. மகன் ஒக்கலாகத் தன்னை நினைத்துக்கொண்டு, விருந்தாகப் பரிமாறப்படும்போது வரும் குழப்பம் இது. வந்தவர்கள் காய் நறுக்கி, பாத்திரம் கழுவி, குடும்பத்தாராக நடந்துகொள்ளும் வீடுகளில் இந்தப் பாரம் இல்லை. எதிர்முனையும் உண்டு. ‘நீ ஒண்ணும் செய்யாத, சும்மா உட்காரு’ என்று பாட்டியை அவருடைய சமையலறையிலிருந்தே வெளியேற்றி, வெளியிலிருந்து உணவை வரவழைப்பது. அன்பால் செய்வதுதான் என்றாலும், கொடுப்பவர் என்ற இடத்தை அது பறித்துவிடுகிறது.

சட்டத்தின் எல்லை

வருகையைச் சட்டமாக்கிய நாடு சீனா. 2013 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தச் சட்டம், பிரிந்து வாழும் குடும்பத்தினர் முதியவர்களை அடிக்கடி போய்ப் பார்க்கவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அது வரையறுக்கவில்லை. இந்தியாவின் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் வருகையைக் கட்டாயமாக்கவில்லை. அச்சட்டம் ‘பிள்ளைகள்’ என்ற சொல்லில் வயது வந்த பேரனையும் பேத்தியையும் சேர்க்கிறது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறத் தாத்தா பாட்டிக்கும் வழி செய்கிறது. நோட்டைச் சட்டைப் பையில் திணித்த கைக்கு அதே பேரனிடம் உரிமை உண்டு என்பது சட்டத்தின் நிலை. சோறும் மருந்தும் அச்சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயத்தின் மூலம் கிடைக்கலாம். திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கும் பேத்தியை எந்தத் தீர்ப்பாயமும் அனுப்பி வைக்க முடியாது.

நிறைவாக

வருகையின் நீளத்தைவிட அதன் ஒழுங்கு பெரிது. எப்போதாவது வரும் பத்து நாளைவிட, மாதம் தவறாமல் வரும் இரண்டு நாள் முதியவரின் நாள்காட்டியில் உறுதியான இடம் பிடிக்கிறது. கூட்டத்தின் அளவைவிட அதில் முதியவருக்குக் கிடைக்கும் வேலை பெரிது. ஆட்டம் சொல்லித் தருபவராக, கதை சொல்பவராக, பையை நிரப்பிக் கொடுப்பவராக அவர் இருக்கும் வீட்டில் வருகை இரு தரப்புக்கும் மருந்து. பார்வைப் பொருளாகவோ சமையல்காரியாகவோ அவர் ஆகிவிடும் வீட்டில் அது இரைச்சல். அவருடைய சொந்த நண்பர்களுக்கும் அந்தக் கூடத்தில் இடம் இருக்க வேண்டும். விருந்தாக வருபவர்கள் ஒக்கலாக நடந்துகொண்டால், இரண்டு நாள் கூட்டுக்குடும்பம் போதுமான குடும்பமே.